வைஃபை கார்டுக்கு வைத்த பொட்டு

இன்றைக்கு ஆயுத பூஜை. கடை வாசலில் வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. பொரியும் கடலையும் வந்துவிட்டன. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்தேன். வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் வேலை செய்யும் பெண் ஓடிவந்து, "இன்னாக்கா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உன்னைப் பற்றி அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இப்போது இங்கே ஜெராக்ஸும் ஆன்லைன் அப்ளிகேஷனும்தான். செங்கம் ரோட்டில் நாம் இதை ஆரம்பித்தபோது பிரவுசிங் சென்டர். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து மெயில் பார்ப்பார்கள். கல்லாவில் நான், கம்ப்யூட்டர்களுக்கு நீ. கீழ்பென்னாத்தூர் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி வளர்ந்தவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று உன்னைச் சீண்டுவேன். "மல்லாட்டை பிடுங்கத் தெரிஞ்சா இதுவும் தெரியும், நீ போய்ச் சில்லறை எண்ணு" என்பாய்.

ரூட்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, ஒரு வைஃபை கார்டைச் சொருகி, அதையே ரூட்டராக்கினாய். "நம்ம சொன்னதைக் கேக்குற பெட்டிடி இது" என்று பெருமை வேறு. நீ சொன்னதைத்தான் கேட்டது. நான் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. வேலூரில் வைத்தியம் ஆரம்பித்ததும் முடியெல்லாம் கொட்டிப்போய், கடைக்கு எதிரே இருந்த உன் வாடகை வீட்டில் படுத்துவிட்டாய். மஸ்கட்டில் வண்டி ஓட்டிய உன் வீட்டுக்காரருக்கு லீவு தள்ளிக்கொண்டே போனது. போனில் அவர் குரல் கேட்பது உனக்குப் போதவில்லை.

"அவரு மூஞ்சியைப் பாக்கணும்டி."

"கடைக்கு வா. கேமரா போட்டுத் தரேன்."

"நாலு பேர் நடுவுல ஒக்காந்து அழச் சொல்றியா?"

டாக்டர் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. உன் அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதிலேயே நம் இருவருக்கும் புரிந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் வரும்வரை நீ இருப்பாயா என்று தெரியவில்லை. அதனால் உன் கட்டில்வரை இன்டர்நெட் வந்தாக வேண்டும்.

வீட்டுக்குத் தனி லைன் கேட்டுப் பார்த்தோம், அது வருகிற வழியாக இல்லை. ரோட்டுக்கு மேலே கேபிள் இழுத்தோம், குரங்குகள் தொங்கி விளையாடி அறுத்துப் போட்டன. பழைய கார்டின் சிக்னல் உன் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடும். புதிதாக வந்திருக்கும் ஒரு கார்டு சுவரைத் தாண்டும் என்று நீ எங்கோ படித்துச் சொன்னாய். சென்னைக்கு பஸ் ஏறி, ரிச்சி தெருவில் அலைந்து வாங்கிவந்தேன்.

மறுநாளே ஆயுத பூஜை. கடைக்கு லீவு என்பதால் நீயும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாய். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் நான் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். நீ அந்தக் கார்டை உறையிலிருந்து உருவி வாழையிலையில் வைத்தாய். "இதுக்கு நான்தான் வெப்பேன். இதுதானே எனக்கு அவரைக் காட்டப்போவுது" என்று சொல்லி, கட்டைவிரலால் சந்தனத்தை அப்பினாய். அப்பிய அப்பில் அது ஓரத்திலும் வழிந்தது. வெகு நாள் கழித்து உன் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததால் நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால், அது ராத்திரி முழுக்க இலையிலேயே கிடந்து காய்ந்தது.

காலையில் எடுத்துச் சொருகினேன். பெட்டிக்கு அப்படி ஒரு கார்டு வந்ததே தெரியவில்லை. "கார்டு புதுசு, நம்ம லினக்ஸ் பழசு. அதுக்கு ஏத்த டிரைவர்னு ஒரு புரோகிராம் போட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று நீ போனில் சொன்னாய். கட்டிலில் படுத்தபடி நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் இங்கே தட்டினேன். நடுவில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, விட்ட எழுத்திலிருந்து தொடர்வாய். நாள் போய்க்கொண்டே இருந்தது. உன் குரல் கம்மியாகிக்கொண்டே வந்தது. கார்டு மட்டும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் எனக்கு வெறுத்துப்போய் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளிருந்த சூட்டோடு குப்பென்று சந்தன வாசனை வந்தது. கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பெட்டிக்குள் போகிற ஓரத்தில், தங்க நிறப் பற்களின் மேல் சந்தனம் மெல்லிசாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. டிரைவர்மேல் சந்தேகப்பட்டோம், சென்னைக் கடைக்காரன்மேல் சந்தேகப்பட்டோம். சாமி காரியத்தில் கோளாறு இருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

போன் செய்து சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் உன் அம்மா பயந்து ஓடிவந்தது எனக்குக் கேட்டது. "ஐயோ, ஜாஸ்தி வெச்சிட்டேன்டி!" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களைத் தேய்த்துவிட்டு மறுபடி சொருகினேன். நீ சொல்லிச் சொல்லிப் போட்டுவைத்த டிரைவர் அதை உடனே பிடித்துக்கொண்டது. நீ பட்ட பாடு வீண்போகவில்லை.

அன்று சாயங்காலமே லேப்டாப்பை உன் மடியில் வைத்தேன். அவர் முகம் துண்டு துண்டாக வந்து ஒன்று சேர்ந்தது. "இளைச்சிட்டீங்க" என்று நீ சொன்னாய். நீ சொன்னாய், அதை!

"உன் மூஞ்சியைக் காட்டு" என்றார் அவர்.

"இங்க கேமரா ரிப்பேருங்க."

"பொய் சொல்லாத."

கேமரா தலையணைக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து என்னிடம் கொடுத்தாய். "கையை மட்டும் காட்டுடி" என்றாய். காட்டினேன். அவர் திரையருகே வந்து, உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கேமராவை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

கார்த்திகைக்கு மலைமேல் தீபக் கொப்பரை ஏறுவதற்கு முன்பே நீ போய்விட்டாய். அதுவரை, அவருக்கு டூட்டி இல்லாத நேரமெல்லாம் அவரைப் பார்த்தாய். கடைசிவரை கையை மட்டும்தான் காட்டினாய். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. முகத்தையும் காட்டியிருக்கலாம் நீ.

கருமாதி முடிந்து மறுபடி மஸ்கட்டுக்குக் கிளம்பும் முன் அவர் கடைக்கு வந்தார். பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். நான் துடைத்தது பற்களை மட்டும்தான். நடுவில் இருந்த தகர மூடிமேல் நீ வைத்த பொட்டு அப்படியே இருந்தது, அதில் உன் கட்டைவிரல் ரேகையும். அவர் தன் விரலை அதற்கு மேலே கொண்டுபோய், தொடாமல் இழுத்துக்கொண்டார். "தொட்டா உதிர்ந்துடும். ஊரு ஊரா சுத்துறவன் நான், உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று திருப்பித் தந்தார்.

பெட்டி எப்போதோ பழைய சாமானுக்குப் போய்விட்டது. கார்டு என் கல்லாவுக்குள் ஒரு டப்பாவில் இருக்கிறது. வருஷா வருஷம் இந்த நாளில் எடுத்து, மற்றதோடு இலையில் வைக்கிறேன். இன்றைக்கும் வைத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த கடைப் பெண், "இத விட்டுட்டீங்களேக்கா" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள்.

"அதுக்கு வெச்சாச்சு" என்றேன்.