தண்ணீர் கரிக்கிறது என்றார் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. இங்கே நாங்களும் அப்படித்தான் என்று எப்போதும்போல எழுதப் பார்த்தேன், பேனா நகரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதுமே அப்பா பக்கத்து நாற்காலிக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இப்போது சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

எல்லாம் வீட்டுக் கடினத் தண்ணீரை மென்மையாக்க நீ வாங்கி அனுப்பிய சாஃப்ட்னர் இயந்திரம் பற்றித்தான், உன்மேல் குறை சொல்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. அது வந்த பிறகுதான் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளை படிவது நின்றது, என் கை வெடிப்பும் ஆறியது. மூன்று மாதத்துக்கு முன் சோப்பு நுரைக்காமல் போனதே, அப்போது நீ போனில் சொன்னது ஒன்று விடாமல் செய்தேன். உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து, கட்டி தட்டியிருக்கிறதா என்று துடைப்பக் கட்டையால் குத்திப் பார்த்தேன், கடிகாரத்தைச் சரியாக வைத்தேன், பொத்தானை அழுத்தி அது உப்புத் தண்ணீரால் தன்னைத்தானே கழுவிக்கொள்ள விட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் நுரைத்தது, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சரி, இன்னும் நன்றாகக் கழுவட்டும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் அழுத்த ஆரம்பித்தேன், அது உப்பைக் கோணி கோணியாகத் தின்றது.

அந்த நாட்களில்தான் அப்பா, தண்ணி கரிக்குது தண்ணி கரிக்குது என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு நாக்கில் ருசியே தெரியாது, உனக்குத் தெரிந்ததுதானே, சமையலைக்கூடக் கரண்டி அளவு பார்த்துத்தான் செய்கிறேன். இருந்தும் பெரிய மேதாவிபோல நானே ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு, தண்ணி தண்ணியாத்தான் இருக்கு, உங்க நாக்குதான் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டேன். இதயம் பலவீனமாக இருக்கிறது, உப்பை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்தே தட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிற மனுஷன், அதற்குத்தான் இந்த நாடகம் என்று எனக்கு நிச்சயம். பிறகு கால் வீங்கியது, செருப்பு நுழையவில்லை. எங்கிருந்தோ உப்பு உள்ளே போகிறது என்றார் டாக்டர். நான் இவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேனடி, இயந்திரத்துக்கு வாங்கிய உப்பு மூட்டையைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினேன். போதாததற்கு டாக்டர் முன்னாலேயே, இவரு எனக்குத் தெரியாம உப்பு திங்கிறாரு டாக்டர் என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்பா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு கரிக்கிறது என்ற பேச்சு நின்றது. பார், கையும் களவுமாகப் பிடித்ததும் அடங்கிவிட்டார் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அப்பா மூச்சு முட்டி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை உனக்கு வெறும் சளி என்று சொன்னேன், மன்னித்துவிடு. அங்கேயும் என் சமையல்தான் போனது, தண்ணீர் மட்டும் ஆஸ்பத்திரித் தண்ணீர். வீக்கம் மளமளவென்று வடிந்தது. வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் மறுபடியும் வீங்கியது. அப்போதாவது இந்த மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டாமா?

கடைசியில் மெக்கானிக் வந்தது சோப்பு நுரைக்கவில்லை என்பதற்காகத்தான். சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வாயில் வைத்தவர் உடனே பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பிவிட்டு, என்னம்மா, இதையா குடிக்கிறீங்க என்று கேட்டார். இயந்திரத்திலிருந்து வெளியே போகும் கழிவுநீர் ரப்பர் குழாயைத் தொட்டுக்கொண்டே பின்கட்டுக்குப் போனார், அங்கே பூந்தொட்டிக்கு அடியில் அது தட்டையாக நசுங்கிக் கிடந்தது. முழுதாக அடைத்திருந்தால் உப்பு இயந்திரத்துக்குள்ளேயே போயிருக்காதாம், பாதி நசுங்கியதால் போன உப்பு அலசி வெளியேறாமல் வீட்டுக் குழாயில் வந்திருக்கிறதாம். அந்தத் தொட்டியை வைத்தது நான். சோப்பு நுரைக்காமல் போவதற்குக் கொஞ்சம் முன்பு, கழிவுநீர் நடைபாதையில் தேங்கி அப்பா ஒருநாள் வழுக்கப் பார்த்தார், குழாய் நகராமல் இருக்கட்டும் என்று நான்தான் தூக்கி வைத்தேன். நான் அழுத்திய ஒவ்வொரு பொத்தானும் அவர் டம்ளரில் உப்பைக் கொட்டியிருக்கிறது, மாத்திரை போட்டுக்கொள்ளக்கூட அதே தண்ணீரைத்தான் கொடுத்தேன். அப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகட்டும், சோப்பாவது இனிமே நுரைக்கும் என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

புதுக் குழாய் போட்டாயிற்று, ஆனாலும் பயந்துகொண்டு குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறேன். இதயம் இந்த மூன்று மாதத்தில் இழந்த பலம் திரும்பாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார், இனி சின்ன மாற்றம் என்றாலும் உடனே வாருங்கள் என்றார். மாற்றம் இவர் சொன்னால்தானே எனக்குத் தெரியும்? மூச்சு வாங்குதா என்றால் இல்லை, நெஞ்சு கனமா இருக்கா என்றால் இல்லை, எதைக் கேட்டாலும் இல்லை. அடுத்த அறையில் இருமலை அடக்குவது மட்டும் எனக்குக் கேட்கிறது. சொன்னதை ஒருதரம் நம்பவில்லை அல்லவா, இனி என்னிடம் எதையும் சொல்ல மாட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம். மறந்துவிடாதே, காலை பத்து மணிக்கு நான் காய் வாங்கப் போவேன், அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குத் தினமும் போன் செய். உன்னிடம் சொல்வார், கேட்டு எனக்குச் சொல். இன்று காலை நான் தண்ணீரை நீட்டினேன், வாயில் வைப்பதற்கு முன்னாலேயே நல்லா இருக்கு என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா