கிணற்றில் போட்ட பிளீச்சிங் பவுடர்

ஆகஸ்ட் 12, 2024

மூன்றாவது தென்னைக்கும் ஓலை நுனி கருகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தாலே கரிக்கிறது. வேலிக்கு அந்தப்பக்கம் தோல் பதனிடும் டேனரி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் நவநீதன் முறைத்தார். "கெமிக்கல்னு எழுதிக் குடுத்துட்டா கிணத்த மூடிடுவாங்க. அப்புறம் நெலத்த வித்துட்டுப் போவ வேண்டியதுதான்."

எனக்கும் அந்தப் பயம்தான். அதற்காகத் தெரியாமலே இருந்துவிட முடியுமா?

ஆகஸ்ட் 19

வாரியத்திலிருந்து போன். வியாழக்கிழமை தண்ணீர் எடுக்க வருகிறார்களாம்.

ஆகஸ்ட் 22

ஐயோ, இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லி ஓடி வந்தால், கிணற்றடியில் ஆஸ்பத்திரி வாடை. நேற்று முழுக்க மோட்டார் போட்டு இறைத்து, பாசியைச் சுரண்டி, ஒரு பை பிளீச்சிங் பவுடரையும் கொட்டியிருக்கிறார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைக் கழுவி வைப்பதுபோல!

"ஆபீசருங்க வர்றாங்க. பாசி புடிச்ச கிணத்தயா காட்றது? நம்மள பத்தி இன்னா நெனப்பாங்க?"

வந்தது அம்பரீன் என்ற இன்ஜினியர், சின்ன வயசு. முகர்ந்து பார்த்துவிட்டுப் பாட்டிலை மூடிவிட்டார். "இத டெஸ்ட் பண்ணா உங்க பவுடர்தான் தெரியும்ங்க. இன்னொரு நாள் வர்றேன். எப்போன்னு சொல்ல மாட்டேன்."

பிறகு டேனரிக்குள் போய்ப் பார்த்தார். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பை உதறி வெறும் மண்ணில் மலையாகக் குவித்திருக்கிறார்களாம். மழை பெய்தால் கரைந்து இந்தப் பக்கம் இறங்கும். "உப்பு மட்டும்னா கிணறு பொழைச்சுக்கும். தோல் பதம் பண்ற குரோமியமும் எறங்கியிருந்தா கஷ்டம்."

கஷ்டம் என்றால் எவ்வளவு கஷ்டம்? கேட்கப் பயந்து காபி போடப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 23

வீட்டுக்காரரோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 24

இன்றும் இல்லை. தோசை மட்டும் வைத்தேன்.

செப்டம்பர் 9

அம்பரீன் மேடம் சொல்லாமல் வந்து தண்ணீர் எடுத்துப் போனார். பவுடர் வாடை போய், பாசி மறுபடி படர்ந்திருந்தது. நல்லவேளை.

செப்டம்பர் 24

குரோமியம் இல்லை! உப்புதான் ஜாஸ்தி. கம்பெனியில் இருக்கும்போது போன் வந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

டேனரிக்கு வாரியம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. உப்பை அள்ள வேண்டும், சிமென்ட் தரையும் கூரையும் போட வேண்டும், இல்லையென்றால் கரண்ட் கட். இழுத்து மூடச் சொல்லவில்லை. அதுவும் நிம்மதிதான். தோல் வந்தால்தானே எனக்கும் தைக்க வேலை?

நவம்பர் 18

உப்பு லாரியில் போய்விட்டது. கூரையும் எழும்பிவிட்டது. நல்ல மழை. கிணறு பாதிக்கு மேல் நிற்கிறது.

டிசம்பர் 12

அம்பரீன் மேடம் மறுபடி வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். "உப்பு பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. குடிக்க வேணாம். நெல்லு தாங்கும்."

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னும் விற்கிற நினைப்புதானோ?

டிசம்பர் 15

விடியும்போது மோட்டார் சத்தம். போய்ப் பார்த்தால், நாற்றங்காலில் நின்று முளைகட்டிய நெல்லைத் தூவிக்கொண்டிருக்கிறார். எப்போது ஊறப்போட்டார், எங்கே வைத்திருந்தார், எனக்கு ஒன்றும் தெரியாது.

"அறுப்பு எப்போ?" என்று கேட்டேன்.

"சித்திரைல. கம்பெனில இப்பவே லீவு சொல்லி வெச்சிடு."