உங்கள் நீலமும் எங்கள் சிவப்பும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நிலாவில் மனிதன் இறங்கிய வருடம், மிசிசிப்பிக் கடற்கரையைப் புயல் வாரிக்கொண்டு போனதே, அந்த வருடம் முடிந்த புத்தாண்டன்றுதான் உங்கள் நீலக் கல்லூரியும் எங்கள் சிவப்புக் கல்லூரியும் கால்பந்து பௌல் கோப்பைக்கு மோதின. இந்தப் புத்தாண்டுக்கு மறுபடி மோதுகின்றன. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் எழுதுகிறார்.

எங்கள் முன்வரிசை சுவர் மாதிரி நிற்கும். ஆனால் பந்து எறிகிற பையன் நெருக்கினால் பதறுவான். உங்கள் பையன் எறிந்தால் பந்து ஓடுகிறவன் கையில் போய் உட்காரும். ஆனால் உங்கள் தடுக்கிறவர்கள்தான் கடைசியில் மூச்சு வாங்குகிறார்கள். மழை பெய்தால் நாங்கள், வெயில் என்றால் நீங்கள்.

அந்தப் பழைய ஆட்டத்தை எங்கள் வீட்டு டிவியில் பார்த்தோமே, அன்று நீங்கள் முன்னால் இருந்தபோது, குழம்பு கொட்டிவிட்டது என்று நீ சட்டையை மாற்றினாய்.

"அடப்பாவி, ஜெயிக்கிற சட்டையக் கழட்டிட்டியே! தோத்தே போவீங்க பாரு," என்றாள் உன் அக்கா.

தோற்றீர்கள்.

"உன் வாய்தான்க்கா தோக்கடிச்சுது. இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்," என்று போனவன், அவள் அடக்கத்துக்கும் வரவில்லை. அதைப் பேச இதை எழுதவில்லை.

ஆட்டம் வரை தாங்குவேன் என்கிறார் டாக்டர். அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை. இங்கே பெரிய டிவி இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்குச் சாப்பிடுகிற புத்தாண்டுக் காராமணியும் உண்டு, உப்புத்தான் இருக்காது. எந்தச் சட்டையில் வேண்டுமானாலும் வா.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

அன்று ஆட்டம் பார்த்த அந்த அறையில் இருந்தவர்களில் வேறு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுகிறவர் கேட்டார். உன் பெயரைத்தான் சொன்னேன், ஆர்டிஸ்.