ஆறாம் பொருளுக்குத் தூக்கிய கை

மார்ச் 3, செவ்வாய்

ஊராட்சி மன்றக் கூட்டம். இன்று நான் பேசிய பேச்சில் சுவர்க்கடிகாரமே நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துபோச்சு என்கிறார் செயலாளர். பொறாமை. ஒன்பது பொருள் வந்தது, ஒன்பதுக்கும் முதல் கை என்னுடையதுதான். முன்வரிசையில் இருக்கிறவன் தூக்கினால்தானே பின்வரிசைக்குத் தைரியம் வரும்?

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் அவர் கடைக்கே கிடைத்துவிட்டதாம். ஆறாம் பொருள் அதுதானாம். எனக்கே தெரியாது!

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மாப்ள?"

"நீங்க வாயத் திறந்தா காரியம் கெட்டுடும்னுதான் மாமா சொல்லல."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் 4, புதன்

டீக்கடையில் கேட்டார்கள், மாப்பிள்ளைக்கு லைட் காண்ட்ராக்டாமே என்று. எனக்கே தெரியாது என்று சொல்லவா முடியும்? ஏழு வருஷமாக மன்ற உறுப்பினர், நமக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. நாலு கூட்டம் மல்லுக்கட்டி வாங்கினேன் என்றேன். நான் மேஜையைத் தட்டிய தட்டில் தலைவருடைய தண்ணீர் டம்ளர் உருண்டு ஓடியது என்றேன். ஐம்பது பேர் கைதட்டினார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

டீச்சர் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். பக்கத்து வட்ட உறுப்பினர், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாரம்மா, நாற்பது வருஷம் காப்பி அடிப்பவர்களைப் பிடித்த கண். ஒன்று, டீக்கடைப் பேச்சு. அது போகட்டும். இன்னொன்று அந்தத் தாள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒரு தாள் தருவார்கள். இன்றைய பொருள்களில் எனக்கோ உறவினருக்கோ ஆதாயம் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். உண்டு என்றால் அந்தப் பொருள் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். நான் ஏழு வருஷமாக ‘இல்லை’யில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். கீழே பட்டியல் இருக்கும். படித்ததே இல்லை.

இன்று வீட்டில் எனக்குத் தந்திருந்த நகலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆறாவது வரியில் மாப்பிள்ளை கடையின் பெயர். கடைக்கு என் மகள் பெயரைத்தான் வைத்திருக்கிறார். நான் தேர்ந்தெடுத்து வைத்த பெயர். அதற்கு மேலேதான் ‘இல்லை’ என்று டிக் போட்டிருக்கிறேன்!

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இனி உனக்குச் சொல்லித்தர எங்களிடம் ஒன்றுமில்லை என்று ஹெட்மாஸ்டரே அனுப்பிவைத்தார் என்பது ஊருக்குச் சொல்கிற கதை. மன்றத் தாளில் வருகிற தமிழ் எனக்கு ஓடாது. இதை எவனிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 11, புதன்

டீக்கடைக்குப் போகவில்லை.

மார்ச் 12, வியாழன்

செயலாளர் வீட்டுக்கே வந்தார். கையில் புதுத் தாள் ஒன்று.

"இதுல ‘உண்டு’ல டிக் பண்ணுங்கய்யா. ஆறாம் பொருளுக்கு நீங்க வெளிய போயிட்டதா நான் கூட்டக் குறிப்புல எழுதிடறேன்."

"கை தூக்கினேனே? எல்லாரும் பார்த்தாங்களே?"

"டீச்சரத் தவிர எல்லார்கிட்டயும் பேசியாச்சு. ஞாபகம் இல்லம்பாங்க. உங்க தாளச் சரிபார்க்காதது என் தப்பு. எனக்கும் வேலை போயிடும்ய்யா."

மாப்பிள்ளை ஏற்கெனவே உயர ஏணி வைத்த பழைய வேன் வாங்கி, இரண்டு பேரை வேலைக்கும் சேர்த்துவிட்டார். மகள் நேற்று வந்து, "கொஞ்ச நாளைக்கு வாய மூடிட்டு இருங்கப்பா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று கும்பிட்டாள்.

போட்டேன். டிக் கோணலாக விழுந்தது. பேனா சரியில்லை.

பழைய தாளைக் கிழிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். கிழிக்கவில்லை. இந்த நோட்டுக்குள் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன்?

மார்ச் 19, வியாழன்

விசாரணை. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி, ஒல்லியான அம்மா. காலையில் கிளம்பும்போது அந்தத் தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

முதலில் டீக்கடைக்காரர். "அவரு பேச்ச யாருங்கம்மா நம்புவா? புயல்ல போன கப்பலக் கைகாட்டி நிறுத்தினேன்னு சொல்றவரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்மைக் காப்பாற்றத்தானே சொல்கிறார்.

அப்புறம் டீச்சர் எழுந்தார். "இவர் ரூமை விட்டுப் போகல. வலது கையத் தூக்கினார். நான் பார்த்தேன்."

செயலாளர் கூட்டக் குறிப்பை வாசித்தார், நான் வெளியே போனதாக. யார் யாருக்கு ஞாபகம் என்று அதிகாரி கேட்டார். வரிசையாக ஞாபகம் இல்லை என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "கண்ணாடிய மாத்துங்க டீச்சர்!" என்றான். அதே சிரிப்பு. என் கப்பலுக்குச் சிரித்த அதே சிரிப்பு! டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கம். நான் சம்பாதித்தது. டீச்சர் என்ன தப்பு செய்தார்?

"தூக்கினேம்மா" என்றேன். என் குரல்தானா?

அதிகாரி, "இதுவும் கப்பல் கதையா?" என்றார்.

உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை! சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். டிக் போட்டது நான், படிக்கவே இல்லை, ஏழு வருஷமாக ஒரு தாளையும் படித்ததில்லை, அந்தப் புதுத் தாளில் பொய்க் கையெழுத்தும் என்னுடையதுதான் என்றேன். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார்.

மார்ச் 20, வெள்ளி

ஒப்பந்தம் ரத்து. மறு டெண்டர். செயலாளருக்கு இடைநீக்கம். எனக்கு ஒரு கூட்டம் தடை, எழுத்தில் கண்டனம். மகள் போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

இன்றும் எடுக்கவில்லை.

மே 4, திங்கள்

நாளைய கூட்டத்துத் தாள் வந்தது. மனைவியும் நானும் உட்கார்ந்து படித்தோம். ‘முன்மொழிவு’ என்றால் என்ன என்று அவள்தான் சொன்னாள். தெருவிளக்கு மறு டெண்டருக்கு மூன்று கடை, நடுவில் மகள் பெயர். ‘உண்டு’.

மே 5, செவ்வாய்

தெருவிளக்கு வந்ததும் எழுந்து வெளியே போனேன். நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்ச். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மாதம் கழித்து இன்றுதான் பார்க்கிறேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளை எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "டீக்கடையில போய் என்ன சொல்லப்போறீங்க மாமா?" என்றார்.

"வெளிய உக்காந்திருந்தேன்னு."

வரும் வழியில் டீக்கடையில் அதைத்தான் சொன்னேன். மூன்று பேர் இருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. மார்ச் 4 அன்றும் மூன்று பேர்தான் இருந்தார்கள்.