கடைசி ஃபாரத்தில் ஒரு பெயர்

சார்,

கொடியில் என் மகளின் வெள்ளைக் கோட்டு காய்கிறது. எவ்வளவு அலசியும் ஃபார்மலின் மருந்து நெடி போகவில்லை. பக்கத்தில் என் சட்டை. அதில் அச்சு மையும் மண்ணெண்ணெயும். "ஒரே கொடியில ஆஸ்பத்திரியும் பிரஸ்ஸும். நான் எங்க போயி மூச்சு விடறது?" என்று கேட்டுவிட்டு என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து, கோட்டின் கை நிமிர்ந்து என் சட்டையைத் தொட்டபோது கொல்லைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். நீங்கள் அந்தக் கோட்டில்தான் இருந்தீர்கள்.

நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. மற்றவர்கள் எழுதியதை அச்சடித்தே காலத்தை ஓட்டியவன். பள்ளிக்கூடத்தில் உயிரியலுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. பிளஸ் டூவோடு இருவரும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். அப்படிப்பட்டவனிடம்தான் மருத்துவக் கல்லூரி தன் ஆய்விதழையும் ஆண்டு மலரையும் அச்சடிக்கக் கொடுத்தது. நீங்கள் உடற்கூறியல் பேராசிரியர், இரண்டுக்கும் பொறுப்பாசிரியர். நான் முதலில் அடித்துக் கொடுத்த இதழில் ஒரு சிறுநீரகத்தின் படம் தலைகீழாக வந்துவிட்டது. கட்டுரை எழுதிய டாக்டரே கவனிக்கவில்லை. நீங்கள் கடைக்கு வந்து, கதவோரம் நின்று, சத்தம் போடாமல் சொன்னீர்கள்: "முதலாளி, இந்த ஆளு தலைகீழா நடந்தாத்தான் பொழைப்பான்."

அன்றிலிருந்து நான் உங்களுக்கு முதலாளி. ஒரு பழைய மெஷினும் ஒழுகுகிற ஓட்டுக் கூரையும் வைத்திருந்தவனை நீங்கள் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டீர்கள்.

புரூஃப் படிக்கிற உங்கள் கை இப்போதும் கண்ணில் நிற்கிறது. இடது கைச் சுண்டு விரலில் பாதி கிடையாது. சின்ன வயதில் உங்கள் ஊரில், மாட்டுக்கு வைக்கோல் நறுக்கும்போது அரிவாளில் போனது என்பீர்கள். அந்தக் குட்டை விரலை வரியின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துவீர்கள். விரல் நின்றால் அங்கே பிழை. டீ வாங்கி வந்து வைத்துவிட்டு நான் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன், பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி.

ஆய்விதழில் நோயாளிகளின் படம் வரும். கட்டி, புண், வளைந்த எலும்பு. ஒவ்வொரு முகத்திலும் கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை போடச் சொல்வீர்கள். ஒருமுறை பட்டை கொஞ்சம் மெலிந்துவிட்டது. ஒரு கிழவரின் கண் ஓரமாகத் தெரிந்தது. மடித்து வைத்திருந்த இதழ்களையெல்லாம் பிரிக்கவைத்து, அந்தத் தாளை மட்டும் மறுபடி ஓட்டவைத்தீர்கள். எனக்குக் கோபம்.

"அந்தக் கிழவர் இதை எங்க சார் படிக்கப் போறாரு? இங்கிலீஷு வேற."

"அவரு படிக்க மாட்டாரு. நாமதான் பாக்குறோம். நோயி நமக்குக் குடுத்தாரு முதலாளி, மொகத்தக் குடுக்கல."

ஆண்டு மலர் வேறு மாதிரி. அதில் எல்லாரும் முகத்தோடு இருப்பார்கள். விளையாட்டு விழா, ரத்த தான முகாம், மாணவர் கவிதை. கடைசிப் பக்கம் மட்டும் கறுப்புக் கட்டம்: அந்த வருஷம் இறந்துபோன கல்லூரிக்காரர்கள், பேராசிரியர் முதல் வார்டு ஊழியர் வரை, எல்லாருக்கும் ஒரே அளவுப் படம். படத்துக்குக் கீழே இரண்டு வரி நீங்கள் எழுதுவீர்கள். பதினாறு பக்கம் சேர்ந்த பெரிய தாளை நாங்கள் ஃபாரம் என்போம். அந்தப் பக்கம் இருக்கிற ஃபாரத்தைக் கடைசியாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. "அவசரப்படாதீங்க முதலாளி, இன்னும் யாராவது வந்து சேரலாம்." நான் சிரிப்பேன். மெஷின்காரர் சிரிக்க மாட்டார்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் மலர் உங்கள் கைக்குத்தான் வந்தது. அப்படி ஒரு புரூஃப் நாளில்தான், டீ ஆறிக்கொண்டிருக்க, ஏதோ காகிதம் வாங்குவதைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னீர்கள். உடம்பை உங்கள் துறைக்கே எழுதிக் கொடுத்தாயிற்று என்று.

"அப்புறம் ஒண்ணு. என் கட்டத்துல பேரு மட்டும் போடுங்க. படம் வேணாம். என்னை அறுக்குற பசங்க படிச்சு முடிச்சு அடுத்த வகுப்புக்குப் போற வரைக்கும் வேணாம்."

"ஏன் சார்?"

"அவங்க கையில என் உடம்பு இருக்கும். அதே வருஷம் மலர்ல என் மூஞ்சியும் சிரிச்சுக்கிட்டு இருந்தா, கை நடுங்கும். நடுங்குனா வெட்டு கோணும். கோணிச்சுன்னா நான் வீணாப் போனேன்."

நான் தமாஷாக, "கண்ணுக்கு ஒரு பட்டை போட்டுடலாம் சார்" என்றேன். நீங்கள் கொஞ்ச நேரம் சிரித்தீர்கள். பிறகு, "வீட்டுல சொல்லலை. அவளுக்கு உடம்பக் குடுக்குறதே ஜீரணமாகல" என்றீர்கள்.

அடைமழையில் போனீர்கள். வயலெல்லாம் தண்ணீர் நின்று, நட்ட பயிர் தெரியவில்லை. சங்கு இல்லை, பாடை இல்லை. ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. உங்கள் பழைய மாணவர்கள், இப்போது அந்தத் துறையின் பேராசிரியர்கள், வாசலில் நனைந்துகொண்டே நின்று வாங்கிக்கொண்டார்கள். கதவு மூடியதும் அம்மா, உங்கள் மனைவி, என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "இப்ப நான் எங்க போகணும் தம்பி?" சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை, வீட்டில் தலை முழுகிவிட்டுக் காத்திருப்பார்கள். இங்கே யாரும் எதையும் எரிக்கவில்லை. எதற்குக் காத்திருப்பது என்று எனக்கும் தெரியவில்லை. காரியத்தன்று படித்துறையில் ஐயர் வழக்கம்போல ஆற்றில் கரைக்கச் சொல்லிக் கை நீட்டினார். கரைக்க ஒரு பிடி சாம்பல் இல்லை. அம்மா வெறும் எள்ளையும் தண்ணீரையும் விட்டார்கள்.

அடுத்து நடந்ததை நீங்கள் இருந்திருந்தால் ரசித்திருப்பீர்கள். எனக்குத்தான் ரசிக்கத் தெம்பில்லை. என் மகள் கயலுக்கு மருத்துவ சீட்டு கிடைத்தது. உயிரியலில் அப்பனைக் கொண்டு பிறக்கவில்லை. நம் கல்லூரியே கிடைத்தது. ஊரே வாழ்த்த, நான் மட்டும் அடுத்த கலந்தாய்விலாவது வேறு ஊர்க் கல்லூரி கிடைக்காதா என்று கோயில் கோயிலாகச் சுற்றினேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா? பொண்ணு வீட்டுலேர்ந்து போயிட்டு வரும்" என்றாள் மனைவி. காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை. கயல் சின்ன வகுப்பிலிருந்தே வெளியூர் விடுதியில் படித்தவள், உங்களைப் பார்த்ததில்லை. அது ஒன்றுதான் என் தைரியம்.

முதல் வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே ஆரம்பித்தாள். "எல்லாரும் உடம்புக்குப் பூ வெச்சுக் கும்பிட்டு உறுதிமொழி எடுத்தோம்ப்பா. பேரு சொல்ல மாட்டாங்க. முதல் ஆசிரியர்னுதான் சொல்லணும். எங்க டேபிள் தாத்தா ஒல்லி. எல்லா நரம்பும் நல்லாத் தெரியும்னு மேடம் சொன்னாங்க." அப்புறம், ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இடது கை சுண்டு விரல் பாதிதான் இருக்குப்பா. பாவம், எங்க போச்சோ" என்றாள்.

எனக்குத் தெரியும் எங்கே போனது என்று. வாயிலிருந்த சோறு புரையேறியது. "காரமாப்பா?" என்று தண்ணீரை நகர்த்தி வைத்தாள். காரம்தான் என்றேன்.

இந்த வருஷ மலர் அச்சுக்கு வந்தது. புதிய பொறுப்பாசிரியர், "போட்டோவெல்லாம் வீட்டுல கேட்டு நீங்களே வாங்கிப் போட்டுடுங்க" என்று விட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. அம்மாவே கடைக்கு வந்துவிட்டார்கள், பையில் உங்கள் படத்தோடு. கழுத்தில் டை இல்லாமல், பல் தெரிய, எங்கேயோ கல்யாணத்தில் எடுத்தது.

"இது நல்லா இருக்குல்ல தம்பி?"

"நல்லா இருக்கும்மா. ஆனா படம் போட வேணாம்னு சார் சொல்லியிருந்தாரு."

"யாருகிட்ட?"

"எங்கிட்ட."

அந்த ஒரு சொல்லுக்கு அம்மாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்க்காதது உங்கள் அதிர்ஷ்டம். "நாப்பது வருஷமா சோறு போட்டவகிட்ட சொல்லல. அச்சாபீசுல வந்து சொன்னாரா?" என்று கேட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்பும் இல்ல. சாம்பலும் இல்ல. ஒரு கட்டத்துக்குள்ள மூஞ்சியாவது இருக்கட்டும்னு பாத்தேன். அவரு நோயாளிங்களுக்குப் போடச் சொல்வாருல்ல, பட்டை, அதைப் போட்டாவது போடுங்க தம்பி" என்றார்கள்.

நான் தமாஷாகச் சொன்னது இப்படித் திரும்பி வந்தது. வேறு வழி தெரியாமல் சொல்லிவிட்டேன். கயல் எந்த மேசையில் படிக்கிறாள் என்பதை. விரலை. அவளுக்கு இன்னும் தெரியாது என்பதை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னேன். அம்மா எழுந்துகொண்டார்கள். படத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு, டீயைத் தொடாமல், வெயிலில் இறங்கிப் போய்விட்டார்கள். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். யாரென்று மனைவி கேட்பதற்குள், "நம்ம மலர் சாரோட வீட்டம்மா" என்று முந்திக்கொண்டேன். கயல்தான் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார்கள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். விரல் ஒவ்வொன்றாகத் தடவினார்கள்.

கயலுக்குக் கூச்சம். "நாத்தம் அடிக்கும் பாட்டி. எவ்ளோ கழுவினாலும் போக மாட்டேங்குது."

"இருக்கட்டும்டி கண்ணு."

"இல்ல பாட்டி, ஃபார்மலின்."

"இருக்கட்டும்." அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். காபி ஆறி ஆடை படர்ந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். அம்மா அவளிடம், "நல்லாப் படிக்கிறியா? கை நடுங்குதா?" என்று கேட்டார்கள்.

"மொத நாள் நடுங்குச்சு பாட்டி. இப்ப இல்ல."

"நடுங்கக் கூடாது" என்றார்கள் அம்மா.

வழியனுப்பத் தெருமுனை வரை போனேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பேசினார்கள். "பேரு மட்டும் போடுங்க தம்பி. படம் பிள்ளைங்க அடுத்த வகுப்புக்குப் போனப்பறம்."

கடைசி ஃபாரத்தை இன்று காலையில் ஓட்டினேன். கறுப்புக் கட்டம், அதற்குள் வெள்ளை, கீழே உங்கள் பெயர். இரண்டு வரி எழுத உங்களைப் போல எனக்கு வராது, அதனால் எழுதவில்லை. ஓட்டுவதற்கு முன் என் சுண்டு விரலை உங்கள் பெயரின் மேல் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். என் விரல் முழுசாக இருக்கிறது, வரியை மறைக்கிறது. இருந்தாலும் பிழை இல்லை, சார்.

கோட்டை எடுக்க வந்த கயல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பாட்டி ஏம்ப்பா என் கையை விடவே இல்ல?"

"அடுத்த வருஷ மலர் வரட்டும், சொல்றேன்."

"மலருக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிரித்துக்கொண்டே கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நாளைக்கு அவளுக்கு வகுப்பு. நெஞ்சுப் பகுதி ஆரம்பிக்கிறார்களாம்.

படம் கடையில், மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். அவள் படித்து முடித்து அடுத்த வகுப்புக்குப் போகிற வரைக்கும் உங்கள் முகம் என்னிடம்தான் இருக்கும், சார்.