மூன்று ஊர் முத்திரை

ஈப்போ,
4.3.1979

அன்பு மச்சான் பத்துமலைக்கு,

நான் சுகம் என்று எழுதக்கூட எனக்குப் பொறுமை இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் கதை ‘கரையேறினேன்’ ஞாயிறு பேப்பரில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வாசகர் கடிதப் பகுதியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போன மாதம் எழுத வந்தவனுக்கெல்லாம் நாலு பாராட்டு வருகிறது. விசாரித்தால், அத்தனையும் அவனவன் சொந்தக்காரர்கள் எழுதுவதாம். நான் மட்டும் யோக்கியனாக இருந்து என்னத்தைக் கண்டேன்? பத்து வருஷமாக எழுதுகிறேன். நான் எழுத்தாளன் என்று என் ஆபீஸ் பியூனுக்கே தெரியாது.

இத்துடன் ஒட்டிய உறைகள் மூன்று வைத்திருக்கிறேன். மூன்றும் வேறு வேறு பேர், வேறு வேறு மை. ஒன்றை இடது கையால் எழுதி விரலே மரத்துப்போச்சு. எல்லாவற்றையும் ஈப்போவில் போட்டால் ஆசிரியர் தபால் முத்திரையைப் பார்த்தே பிடித்துவிடுவார். நீதான் லோரியில் பேராக் முழுக்கச் சுற்றுகிறாயே. கமுந்திங்கில் ஒன்று, சிம்பாங் பூலாயில் ஒன்று, உன் சிலிம் ரிவரில் ஒன்று போட்டுவிடு. ஒரே நாளில் வேண்டாம். தோட்டத்தில் நாம் சேர்ந்து செய்யாத திருட்டா?

ரொம்ப அவசரம்.

உன் மச்சான்,
அர்ச்சுனன்


சிலிம் ரிவர்,
18.3.1979

மச்சான் அர்ச்சுனனுக்கு,

மூன்றையும் போட்டாயிற்று. கமுந்திங்கில் தபால் பெட்டியைத் தேடி லோரியைத் தப்பான சந்தில் விட்டுவிட்டேன். பின்னால் எடுக்க முக்கால் மணி நேரம். லோரி முதலாளி தவுக்கே என்னை வைதது உன் கணக்கில் சேரட்டும்.

உன் கடிதத்தில் பாப்பா எப்படி இருக்கிறாள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா என்று ஒரு வார்த்தை உண்டா? கூடப்பிறந்த தங்கச்சியை விடு, அத்தையையாவது கேட்கலாமே என்று பாப்பாவே சொல்லிக்காட்டினாள். கதை கதை என்றே பறக்கிறாய். அந்த ஞாயிறு நான் ரோட்டில் இருந்தேன், கதையை இன்னும் பார்க்கவில்லை. எதைப் பற்றி எழுதியிருக்கிறாய்?

வருகிற முப்பதாம் தேதி என் தம்பி சீனிக்குத் திதி. ஈயம் தோண்டிய குட்டைத் தண்ணீரில் விழுந்த கங்காணி மகளைக் கரைக்குத் தள்ளிவிட்டு அவன் உள்ளே போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அவனைக் கடைசியாகப் பார்த்தவன் நீதான். அவன் கழற்றிக் கொடுத்த சட்டையோடு கரையில் நின்றாய். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். வருவாயா?

உன் மச்சான்,
பத்துமலை


ஈப்போ,
8.4.1979

அருமை மச்சானுக்கு,

மூன்றும் வந்துவிட்டது, அதுவும் ஒரே ஞாயிறில்! ‘கமுந்திங் நவமணி’ கதையை வாசித்து ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்று படுத்துவிட்டாளாம். அதைப் பார்த்து நிஜ ஆட்களே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். பியூன் வந்து, “நீங்கதான் அந்த அர்ச்சுனனா? சொல்லவே இல்லலா” என்றான். ஓர் அச்சகக்காரர் புத்தகமாகவே போடலாம் என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திதி அன்றைக்குத்தான் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அத்தையிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு உதவி. பாராட்டாகவே வந்தால் சந்தேகம் வரும். குறை சொல்லி ஒரு கடிதம் வேண்டும். அதை நீ உன் சொந்தப் பேரிலேயே எழுது. தலைப்பு சரியில்லை, நடுவில் இழுக்கிறது, இப்படி ஏதாவது போதும். அதற்காகக் கதையை வாசிக்க வேண்டும் என்றில்லை. எழுதி முதலில் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அர்ச்சுனன்


சிலிம் ரிவர்,
29.4.1979

அர்ச்சுனனுக்கு,

வாசிக்காமல் குறை சொல்ல எனக்குத் தெரியாது. சிம்பாங் பூலாயில் முடிவெட்டும் கடையில் கிடந்த பழைய பேப்பர் கட்டிலிருந்து உன் கதையைக் கேட்டு வாங்கி வந்தேன். பாப்பா வாசித்தாள். இன்னொரு தடவையும் வாசிக்கச் சொன்னேன். நீ கேட்ட கடிதம் இதுதான்:

‘ஆசிரியர் அவர்களுக்கு, கரையேறினேன் கதை மிக நன்றாக இருக்கிறது. அந்தத் தண்ணீரின் குளிர் எனக்கே ஏறியது. குறை ஒன்றுதான். கதையில் குட்டையில் குதித்துப் பிள்ளையைக் காப்பாற்றுவது எழுதியவர். நிஜத்தில் குதித்தவன் என் தம்பி சீனி, வயது பத்தொன்பது. அவன் கரையேறவில்லை. இப்படிக்கு, பத்துமலை, சிலிம் ரிவர்.’

கதையென்றால் கூட்டிக் குறைத்துத்தான் எழுதுவார்கள், அது எனக்கும் தெரியும். நீ குதிக்கவில்லை என்று நானோ அம்மாவோ ஒருநாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. உனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அவன் செய்ததை உன் பேரில் எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அதைப் பாராட்டிய மூன்று உறையையும் நானே என் கையால் பெட்டியில் போட்டேன். நினைத்தால் ஸ்டேரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தைத் தனி உறையில் வைத்துத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். நான் போட மாட்டேன், நீ போடு. ஈப்போ முத்திரையே விழட்டும்.

பத்துமலை


சிலிம் ரிவர்,
14.10.1979

திரு. அர்ச்சுனன் அவர்களுக்கு,

புத்தகம் கிடைத்தது.

ஐந்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் பாப்பா வாசகர் கடிதம் முழுவதையும் வாசித்தாள். எங்கள் கடிதம் வரவில்லை. நீங்களும் பதில் போடவில்லை. வெட்கப்படுகிறான், புத்தகத்தில் சரிசெய்துவிடுவான் என்று நான்தான் பாப்பாவிடம் உங்களுக்காகப் பேசினேன்.

பின் அட்டையில் வாசகர்கள் சொன்னது என்று நான்கு பேரைப் போட்டிருக்கிறீர்கள். மூன்று பேர் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. நான்காவது ஆள் நான். ‘கதை மிக நன்றாக இருக்கிறது. அந்தத் தண்ணீரின் குளிர் எனக்கே ஏறியது.’ அதோடு நிறுத்திவிட்டீர்கள்.

நீங்கள் எழுதிய புத்தகம் என்றதும் அம்மா ஆசையாகக் கேட்க உட்கார்ந்தார். குட்டை, கங்காணி மகள் என்றதுமே நிமிர்ந்துவிட்டார். பாப்பாவால் நிறுத்த முடியவில்லை, கடைசிவரை வாசித்தாள். “முடிஞ்சிருச்சா? நம்ம சீனி எப்ப வருவான்?” என்று அம்மா கேட்டார். பாப்பா புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஈப்போ வழியாக லோடு இருக்கிறது. புத்தகத்தை உங்கள் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போகிறேன். இனிமேல் எந்த ஊரிலும் உங்கள் கடிதத்துக்காக என் லோரி நிற்காது.

இப்படிக்கு,
சீனியின் அண்ணன்
பத்துமலை