நூறு இரவு மூடிய கடல்

அன்பு மகன் எப்பேலிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான், அப்பா, உன் தங்கை மூவரும் சுகம், நீயும் அந்த ஸ்காட்லாந்துப் பட்டாள முகாமின் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். காய்ச்சல் முழுதும் விட்டதா என்று நீ எழுதவில்லை. எழுதியதெல்லாம் நாலே வரி. எனக்குக் காய்ச்சல் என்று என் இடத்தில் ரோந்துக்குப் போய்த்தான் சமிசோனி ஆப்கானிஸ்தானில் செத்தான், அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன், இனி ஊருக்கு வரமாட்டேன் என்று. அதைப் படித்துவிட்டு நான் உன்னை வாய்விட்டுத் திட்டினேன், பிறகு அழுதேன்.

சமிசோனி பெட்டியில் வந்த நாளை நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அரசாங்கப் படகு பவளப்பாறையைத் தாண்டியதும் தேவாலயத்து மர முரசை அடித்தார்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து தேவாலய வாசல் வரை பெண்கள் நாங்கள் பாய் விரித்திருந்தோம், அவனைத் தூக்கி வருகிறவர்கள் கால் மணலில் படக்கூடாதென்று. கல்யாணத்துக்கு முடைந்து வைத்த பாயைக்கூட எடுத்து வந்திருந்தார்கள், நானும் உன் தங்கைக்கென்று வைத்திருந்ததைக் கொண்டுபோனேன், அவளிடம் கேட்கவில்லை. கூட வந்த வெள்ளைக்கார அதிகாரி ஃபிஜிக்கு முதல்முறை வருகிறாராம், பாயைப் பார்த்ததும் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். நல்ல பிள்ளை. ஆனால் நமக்குக் கேலிமுறையான எதிர்த்தீவுக்காரர்கள் வந்து பெட்டியை மறித்ததும் அவர் முகம் செத்துவிட்டது. அவர்களில் லூசியானாதான் முன்னால் நின்றாள். பெட்டியைத் தட்டி, "டேய் சமிசோனி, எங்க தீவு மரவள்ளியத் திருடித் தின்னு வளந்த ஒடம்புடா இது. எங்களக் கேக்காம எவனுக்குடா குடுத்த, எந்திரிச்சு பதில் சொல்லு" என்று அதட்டினாள். அவங்க கேலி பேசலன்னாத்தான் சார் அவமானம் என்று உன் அப்பா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் லூசியானாவே பெட்டிமேல் விழுந்து அழுதுவிட்டாள்.

அடக்கம் முடிந்தபின் நடந்ததை இன்னமும் என்னால் நம்ப முடியவில்லை. தலைவர் வீட்டில் சாவு என்றால்தான் யாரும் மீன் பிடிக்கக்கூடாதென்று கடலை மூடுவார்கள், உனக்கே தெரியும், நம்மைப் போன்ற மீன்பிடிக் குடியில் பிறந்தவனுக்காக யாரும் மூடியதில்லை. ஊர்த் தலைவர் எழுந்தார், இடுப்பில் கட்டிய துக்கப் பாயோடு அப்படியே கடலில் இறங்கினார். கடல் மூடியதற்கு அடையாளமாகத் தென்னங்கீற்று கட்டிய கம்பை நடுவது உன் அப்பாவின் பொறுப்பு, ஆனால் தலைவர் அதை அவர் கையிலிருந்து வாங்கி மார்பளவுத் தண்ணீரில் நின்று தானே நட்டார். "நூறு ராத்திரி. இவனுக்காக" என்றார், அவ்வளவுதான். கரையில் நின்ற ஊர் முழுக்க மரியாதையாக மணலில் உட்கார்ந்துவிட்டது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது மகனே. இன்று நாற்பத்திரண்டாம் நாள், ஒரு தூண்டில் விழவில்லை. விலக்கு நாளிலும் ஒளிந்து வலை போடுகிற உன் பெரியப்பாவே டின் மீனைத் தின்றுகொண்டு உம்மென்று இருக்கிறார். மீன்களுக்கு எப்படித் தெரிந்ததோ, பயம் விட்டு முழங்கால் தண்ணீர் வரைக்கும் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஒரு பிள்ளைக்காக இவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்கிறதே என்று செய்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சமிசோனியின் அம்மா அனாசெய்னி வீட்டுக்குத் தனியாகப் போக எனக்குப் போன வாரம் வரை தைரியம் வரவில்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறானே, எந்த முகத்தோடு போவது. கடைசியில் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு வாசித்தே காட்டிவிட்டேன். அவள் கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "காய்ச்சல் வந்தது அவன் குத்தமா? சின்னதுல சமிசோனி காய்ச்சல்ல கெடந்தப்பல்லாம் ஒம்மவன்தான அவனுக்குப் பதிலா எங்க வீட்டுக்கு வெறகு சொமந்தான், அன்னைக்கு நாங்க வெக்கப்பட்டு மூஞ்சிய மறச்சிக்கிட்டமா?" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நூறாம் நாள் கடல் தெறக்கறப்ப மொத வலய எப்பேலிதான் வீசணும். அவன் வரலன்னா மூடியே கெடக்கட்டும்" என்றாள். துக்கத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலமே தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள், அவரும் ஆகட்டும் என்றுவிட்டார்.

ஆகையால் இன்றே போய் விடுப்புக் கேள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. இன்னும் ஐம்பத்தெட்டு நாள் இருக்கிறது, மறந்துவிடாதே. நீ வந்து இறங்கும் வரை இந்த ஊரில் ஒருவரும் நம் கடல் மீனைத் தின்னப்போவதில்லை.

உன் அம்மா,
செனிமிலி